இரண்டாவது விசில்

பருத்திப்பட்டு ஏரிக்கரையில் பாதி தூரம் வந்த பிறகுதான் எங்கே போகிறோம் என்று யோசித்தேன். தோளில் ஒரு துணிப்பை. அதில் இரண்டு சட்டை, ஒரு கைலி, ஒரு அலுமினியத் தட்டு. காலில் மைதானத்தில் கொடுத்த கேன்வாஸ் ஷூ. அதை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். வேலை போனவன் வேகமாக நடக்க ஒரு காரணமும் கிடையாது. ஆனாலும் வேகமாகத்தான் நடந்தேன். அப்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதற்குள் பதினோரு வேலைகள் பார்த்திருந்தேன். பத்தை நானாக விட்டேன். போகச் சொல்லி அனுப்பியது இந்தப் பதினோராவதில்தான்.

அண்ணனூரில் ரயில் ஷெட்டுக்குப் பின்னால் தெரிந்த பெயிண்டர் ஒருவன் அறை எடுத்திருந்தான். ஒரு ராத்திரி படுக்க இடம் கொடுப்பான். ஆவடி வரை ரோடு, அதற்குப் பிறகு தண்டவாளத்தை ஒட்டி நடை. வழியெல்லாம் ஒரு விஷயத்தைத்தான் நினைத்துக்கொண்டு போனேன்: நான் சொன்ன ஒரு வரிக்காக அனுப்பினார்களா, வேறு எதற்காவதா?

இப்போது வேலையிலிருந்து ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. கடைசியாக இருந்தது அம்பத்தூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில். அங்கே என்னோடு காவல் இருந்த இளைஞர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான். சொன்னால் கேட்காத ஜனங்களை எப்படிச் சமாளிப்பது? வாயால் நான் சரியாகப் பதில் சொன்னதில்லை. ஏழாவது வரை படித்தவன். இருந்தாலும் எழுதிப் பார்க்கிறேன்.

எண்பதுகளின் கடைசியில் ஆவடிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். ஒன்பது குழிகள் கொண்ட சின்ன மைதானம். அதிகாரிகளும், அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருந்த சில முதலாளிகளும் ஆடுவார்கள். வடக்கே தொழிற்சாலைத் தொழிலாளர்களின் குவார்ட்டர்ஸ். தெற்கே பூந்தமல்லி போகும் பஸ் ரோடு. சுற்றிப் போனால் முக்கால் மணி நேரம். மைதானத்தின் குறுக்கே போனால் பத்து நிமிடம். வேலி கிடையாது. மைதானம் வருவதற்கு முன்பிருந்தே அங்கே ஓர் ஒற்றையடிப் பாதை உண்டு. அதன் மேல் புல் வளர்த்தார்கள். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் பாதை புல்லுக்கு மேலேயே மறுபடி விழுந்துவிட்டது.

நான் அங்கே போய்ச் சேர்ந்தது செம்மண் ஏற்றி வந்த லாரியில் கிளீனராக. மண்ணைக் கொட்டும்போது டிரைவருக்கும் எனக்கும் தகராறு. அவன் லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் நின்ற இடத்திலேயே வேலை கேட்டேன்.

கேட்டது செல்லையா என்பவரிடம். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, மைதானத்துக்கு மேற்பார்வையாளராக வந்தவர். தெற்கத்திக்காரர். எல்லோரும் சுபேதார் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. எந்த வேலை சொன்னாலும் ஒரு தடவைதான் சொல்வார். சொல்லி முடித்ததும் "திருப்பிச் சொல்லு" என்பார். நாம் சொல்லும்போது ஒரு வார்த்தை மாறினால் தலையை ஆட்டுவார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சரியாக வந்த பிறகு சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து, தேதி போட்டு, இன்ன ஆளுக்கு இன்னது சொல்லப்பட்டது என்று எழுதிக்கொள்வார். அடிக்கோடு போட ஆறு அங்குல ஸ்கேல் ஒன்று வைத்திருந்தார். பயிற்சி என்று எனக்குக் கிடைத்தது இதுதான். மூன்று நாளில் முடிந்தது.

என் இடம் நான்காவது குழிக்கான ஆட்டத்தில் நடுவே இருந்த மேடு. மேட்டுக்கு மேற்கே நின்று பந்தை அடிப்பார்கள். அடிப்பவருக்கு மேட்டின் கிழக்குப் பக்கம் என்ன இருக்கிறது என்றே தெரியாது. பாதை குறுக்கே போனது அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான். அதனால் மேட்டின் மேல் ஓர் ஆள் சிவப்புக் கொடியோடு நிற்க வேண்டும். கொடி உயர்ந்திருந்தால் அடிக்கக் கூடாது. இறங்கினால் அடிக்கலாம். கோல்ஃப் பந்தைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் ஏன் இத்தனை ஏற்பாடு என்று புரிந்தது. எலுமிச்சம்பழம் அளவுதான், ஆனால் கல்.

நடப்பவர்களுக்கு அது மைதானம் என்றே தோன்றாது. அத்தனை பெரிய பச்சை வெளியில் நாலு பேர் குச்சியோடு நடந்து போகிறார்கள். அதற்காக ஊர் ஏன் ஒதுங்க வேண்டும்? குழியைச் சுற்றி வழவழவென்று வெட்டிய புல்தரை இருக்கும். அதன் ஓரத்துக்கு வந்ததும் பெண்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அவ்வளவு சுத்தமான தரையைச் செருப்புக் காலோடு மிதிக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. ஆனால் அதே தரைக்கு நடுவில் உட்கார்ந்து புளிசாதம் பிரிக்க ஒரு தயக்கமும் இருக்காது. காணும் பொங்கலன்று குடும்பம் குடும்பமாக வருவார்கள். பந்து விழுந்தால் சிக்கிக்கொள்ள வேண்டும் என்று மணல் பள்ளங்கள் வெட்டி வைத்திருந்தோம். ஒரு வருடம் அதில் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார்கள். நான் போய்க் கேட்டபோது அந்த அம்மா நிதானமாகச் சொன்னார்: "மேல காத்து அடிக்குது நைனா. இங்கதான் அடுப்பு நின்னு எரியுது." அது உண்மைதான். அப்படி ஒரு வசதிக்காகவே வெட்டியது போலத்தான் இருந்தது. இன்னொரு அம்மா, உருண்டு வந்த பந்தை எடுத்துத் துடைத்து, நூறு கஜம் நடந்து போய், அடித்தவர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார். கீழே போட்டுவிட்டுப் போகிறாரே என்று. அந்தப் பெரிய மனிதர் முகம் போன போக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஆரம்பத்தில் நான் வைத்துக்கொண்ட வழி எளிது. யாராவது வந்தால் கொடியை மேட்டில் உயர நட்டுவிட்டு, இறங்கிப் போய், அவர்களோடு கூட நடந்து மறுபக்கம் விட்டுவிட்டு வருவேன். நாலு நிமிடம் ஆகும். மூன்று வருடம் இப்படியே ஓடியது. குவார்ட்டர்ஸில் பாதிப் பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்குப் பழக்கம்.

அவர்களில் ஒருவர் காதர் பாய். தொழிற்சாலையில் பெரிய கிரேன் ஓடும் பட்டறையில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகன் ரஃபிக்கும் அதே தொழிற்சாலையில் வேலை. மகனுக்குக் கொடுத்த குவார்ட்டர்ஸில்தான் குடும்பம் இருந்தது. பூந்தமல்லியில் அவர் தங்கை வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மனைவி, மருமகளோடு பாதையில் வருவார். என்னைப் பார்த்ததும், "இன்னா தம்பி, சிக்னல் வுழுந்துச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுத்த அடி எடுத்து வைப்பார். நான் அனுப்பியதில் அவரைப்போல ஒழுங்காகக் கேட்டு நடந்தவர் இன்னொருவர் இல்லை.

நான்காவது வருடம் கமிட்டிக்குப் புதுச் செயலாளர் வந்தார். ஆட்டம் தாமதமாகிறது என்று புகார். ஒரு நாள் சுபேதார் ஐயா கயிறு கோத்த எஃகு விசில் ஒன்றைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார். இனி மேட்டை விட்டு இறங்கக் கூடாது. ஆள் தெரிந்தால் விசில் அடி, முப்பது எண்ணு, பாதை காலியா பார், கொடியை இறக்கு. திருப்பிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார்.

விசில் வந்த நாளிலிருந்து ஒரு விநோதம். வெளியூர் ஆட்கள் விசில் கேட்டால் ஓடிவிடுவார்கள். குவார்ட்டர்ஸ் ஜனங்கள் மட்டும் நின்றுவிடுவார்கள். நட்ட நடுவில், எடுத்த காலைக்கூட வைக்காமல், தலையைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். நான் கையை வீசி, கத்தி, திட்டின பிறகுதான் நகர்வார்கள். கொழுப்பு என்று நினைத்தேன். குவார்ட்டர்ஸ்காரன், நிரந்தர வேலைக்காரன், கூலி ஆள் சொன்னால் கேட்பானா என்று நினைத்தேன். ஏன் நிற்கிறீர்கள் என்று ஒரு தடவைகூட ஒருவரிடமும் கேட்கவில்லை. முன்பு போலக் கூட நடந்திருந்தால் பேச்சுவாக்கில் தெரிந்திருக்கும். மேட்டிலிருந்து விசில்தான் அடிக்கலாம், பேச முடியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. பூந்தமல்லியில் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். காதர் பாய், மனைவி, மருமகள் நூர்ஜஹான், மூவரும் புதுத்துணியில் வந்துகொண்டிருந்தார்கள். பாதையின் நடுவே ஏரி உபரித்தண்ணீர் போக வெட்டிய பழைய கால்வாய் ஒன்று உண்டு. வெயிலில் காய்ந்து கிடக்கும். ஆள் உயரத்துக்குப் பள்ளம். இறங்கியவரை மேட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்கள் கால்வாய் ஓரத்துக்கு வந்ததும் கொடியை உயர்த்தினேன். பள்ளத்தில் இறங்கியதும் விசில் அடித்தேன். முப்பது எண்ணினேன். யாரும் மேலே ஏறி வரவில்லை. விசில் கேட்டால் வெளியூர் ஆட்களில் சிலர் கால்வாய்க்குள்ளேயே ஓடி, கிழக்கே கருவேலம் புதர் வழியாக வெளியேறிவிடுவது வழக்கம். காதர் பாய் சொன்னதைக் கேட்பவர், அவர்களும் அப்படித்தான் போயிருப்பார்கள் என்று எடுத்துக்கொண்டேன். பாதை காலியாகத் தெரிந்தது. கொடியை இறக்கினேன்.

பந்து என் தலைக்கு மேல் போன சத்தம் கேட்டது. பிறகு பள்ளத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது காதர் பாய் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணைப் பொத்திய விரல்களுக்கு இடையில் ரத்தம். நான் மறக்காதது அதுவல்ல. அவர் மனைவியும் மருமகளும் அவரவர் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மருமகளுக்கு ஒரு கால் சரிவில், ஒரு கால் பள்ளத்தில். அவருக்குப் பக்கத்தில் போக அவர்கள் துடிப்பது முகத்தில் தெரிகிறது. அவர் மற்றொரு கையை நீட்டி அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார்.

"நகராதீங்க. இன்னும் குடுக்கல."

அப்போது எனக்கு அது புரியவில்லை. அடிபட்டதில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்தேன்.

சுபேதார் ஐயா புல் வெட்டும் டிராக்டரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து, அவரை ரோடு வரை ஏற்றிப் போய், ஒரு காரை மறித்து அனுப்பிவைத்தார். கண் பிழைக்கவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். பாதி முகத்துக்குக் கட்டு. என்னை உட்காரச் சொன்னார். பிறகு, சண்டை போடும் குரலில் இல்லாமல், ஒரு கணக்கு விளங்காதவர் கேட்பதுபோலக் கேட்டார்.

"ரெண்டாவது விசில் ஏன் தம்பி அடிக்கல?"

"எந்த ரெண்டாவது, பாய்?"

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். கிரேன் பட்டறையில் ஒரு விசில் அடித்தால் தலைக்கு மேல் பாரம் நகர்கிறது என்று அர்த்தம். இருந்த இடத்தில் நிற்க வேண்டும். ஓடக் கூடாது, ஓடுகிறவன்தான் பாரத்துக்கு அடியில் போய் மாட்டுவான். எங்கிருந்து வருகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இரண்டாவது விசில் வந்தால் நகரலாம். அதற்கு முன் நகர்ந்தவன் சம்பளத்தில் பிடிப்பார்கள், அல்லது அவன் உயிரோடு இருக்க மாட்டான். குவார்ட்டர்ஸில் முக்கால்வாசி வீடு அந்த மாதிரிப் பட்டறைகளில் வேலை செய்த வீடு. வீட்டில் பிள்ளைகள் விளையாடும் விளையாட்டிலேயே விசிலுக்கு நிற்பதுதான் பழக்கம்.

"முப்பத்தோரு வருசம் தம்பி. ஒரு தபா கூட விசிலுக்கு நான் நவுந்ததில்ல. நீ அடிச்சே, நாங்க நின்னுட்டோம். மேல பாத்துகினேதான் இருந்தேன். அது இத்தூனூண்டு வரும்னு எனக்கு இன்னா தெரியும்?"

பாரம் என்றால் அவருக்கு டன் கணக்கில். சங்கிலியில் தொங்கி வரும், வருவது தெரியும்.

வெளியே வராந்தாவில் அவர் மகன் ரஃபி நின்றிருந்தான். மைதானத்திலிருந்து தொழிற்சாலைக்கு அறிக்கை போகிறதாம். அத்துமீறி நுழைந்தார்கள், எச்சரிக்கையை மதிக்கவில்லை என்று. அப்படிப் போனால் அவனுக்கு விளக்கம் கேட்டுத் தாள் வரும், குவார்ட்டர்ஸ் ரத்தாகும், மருத்துவச் செலவை மைதானம் ஏற்காது. இதையெல்லாம் சொல்லிவிட்டு அவன் கேட்டது வேறு.

"ஊடு போனா போவுதுண்ணே. அத்தா விசில மதிக்கலன்னு மட்டும் எழுத வேணாம்னு சொல்லுங்க. அத அவரு தாங்க மாட்டாரு."

மறுநாள் சுபேதார் ஐயா என்னை அறைக்குக் கூப்பிட்டார். அறிக்கை தயாராக இருந்தது. அவர் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், அவர் அவசரப்படுத்தவில்லை. நான்கு வரி. இன்ன நேரத்தில் மூவர் குறுக்கே வந்தார்கள். விசில் அடிக்கப்பட்டது. முப்பது எண்ணப்பட்டது. எச்சரிக்கைக்குப் பிறகும் அவர்கள் விலகவில்லை. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

பேனாவை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாமல் நின்றேன்.

"என்னடே, இதுல பொய் இருக்கா?"

"பொய் இல்லீங்க ஐயா. மிச்சம் கீது."

ஆஸ்பத்திரியில் கேட்டதைச் சொன்னேன். அவர் ஸ்கேலை மேசையில் நேராக வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். முன்பும் ஜனங்கள் அப்படி நின்றதுண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். ஏன் என்று கேட்டாயா? இல்லை. பாதை காலி என்று எப்படி முடிவு செய்தாய்? ஊகம்தான் என்றேன். அவர் அறிக்கையைத் தன் பக்கம் திருப்பி மறுபடி படித்தார். பட்டாளத்தில் இருந்தவர். கட்டளைக்குக் கட்டுப்பட்டு நின்ற ஆளைக் கட்டுப்படாதவன் என்று எழுதியது அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"இது மேல போனா உன் வேலை நிக்காது. எனக்கும் நல்லதில்ல. தெரியுமா?"

"தெரியுதுங்க."

"சரி. ஒரே வரியா சொல்லு."

சொன்னேன். அவர் எழுதினார்: 'விசில் அடித்தால் நிற்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தொழிற்சாலை கற்றுக்கொடுத்தது, அதனால் நின்றார்கள், கொடிக்காரனாகிய நான் பள்ளத்தை இறங்கிப் பார்க்காமல் கொடியை இறக்கினேன்.' நான்காவது வரியை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு அடித்தார். என்னைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். கையெழுத்துப் போட்டேன்.

ரஃபிக்குத் தாள் வரவில்லை. ஆஸ்பத்திரிச் செலவை மைதானம் கொடுத்தது. இதைப் பத்து நாள் கழித்து அவனே வந்து சொன்னான். அத்தாவுக்கு அறிக்கையைப் படித்துக் காட்டினானாம். கடைசி வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாராம்.

ரஃபி வந்துபோன அதே வாரம் வெள்ளிக்கிழமை கமிட்டி கூடியது. மதியம் சுபேதார் ஐயா வந்து, இனி மேட்டுக்கு ஆள் தேவையில்லை என்று முடிவாகிவிட்டது என்றார். காரணம் சொல்லவில்லை. பாக்கி இருந்த சம்பளத்தைக் கவரில் கொடுத்தார். கொடியை நானே சுற்றி அறையில் வைத்தேன். அப்படித்தான் ஏரிக்கரைக்கு வந்தது.

பெயிண்டர் அறையில் படுத்து, விடிந்ததும் அம்பத்தூரில் கூலி ஆட்கள் நிற்கும் முனைக்குப் போனேன். ஏழு மணிக்கு ஒரு கான்ட்ராக்டர் மினி லாரியோடு வந்தார். குழி தோண்டும் வேலை, பத்து நாள், அவசரம், எட்டுப் பேர் வேண்டும் என்றார். ஏறிக்கொண்டேன். எங்கே என்று கேட்கும் பழக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. ஆவடி தாண்டி லாரி திரும்பியபோது ரோடு தெரிந்தது. குவார்ட்டர்ஸை ஒட்டிப் போய் மைதானத்தின் வடக்கு எல்லையில் நின்றது. சிமென்ட் தூண்கள் அடுக்கியிருந்தன. முள்கம்பிச் சுருள்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை சுண்ணாம்புக் கோடு. வழி என்று எங்கும் விடவில்லை. மேட்டில் ஆள் ஏன் தேவையில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

சுபேதார் ஐயா கோட்டோரம் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார். கான்ட்ராக்டரிடம், ரெண்டரை அடி ஆழத்துக்குக் குறையக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார். எனக்கு ஒதுக்கிய குழி பாதையின் நடுவில் விழுந்தது.

பஸ்ஸுக்குப் போகிறவர்கள் கையில் பையோடு வந்து கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். என்னை அடையாளம் தெரிந்த ஓர் அம்மா கேட்டார்: "இன்னா நைனா, இனிமே இப்படி இல்லியா?"

"இல்லம்மா. சுத்திதான் போவணும்."

மற்றவர்களுக்கு மண் சீக்கிரம் விட்டுக்கொடுத்தது. எனக்கு இல்லை. அத்தனை வருடம் அத்தனை பேர் நடந்து இறுகிய மண். கடப்பாரை போட்டால் தெறித்துத் திரும்பியது. அந்த ஒரு குழிக்கு மத்தியானம் வரை ஆனது.